முதன்மை ஓட்டுநர்

சின்னவளுக்கு லைசென்ஸ் வந்த இருபத்திரண்டாவது நாள் மாமா தன் காரை அவளுக்குக் கொடுத்தார். கொடுத்தது ஒன்றும் ரகசியமாக நடக்கவில்லை. அம்மா, பெரியவள், சின்னவள் மூவரையும் கூடத்தில் உட்காரச் சொல்லி, கண் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி, "இனிமே நான் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதாம்" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துச் சின்னவள் மடியில் போட்டார். பெரியவள் அப்போது எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தம்ளர் சாய்ந்து மேசை முழுக்க ஈரமாயிற்று. அதையும் அவள்தான் துடைத்தாள்.

மாமா பல் செட் செய்கிறவர். அம்மாவின் அண்ணன், பக்கத்து வீட்டிலேயே இருப்பவர். கல்யாணம், குழந்தை குட்டி என்று எந்தத் தொந்தரவும் வைத்துக்கொள்ளாமல், வாழ்நாள் முழுக்க அடுத்தவர்கள் மெல்லுவதற்கு வழி செய்துகொடுத்தவர். முதல் சம்பளங்களைச் சேர்த்து வாங்கிய அந்த இரண்டு கதவுப் பச்சைக் காருக்கு இப்போது நாற்பத்தாறு வயது. பெரியவளைவிடப் பத்தொன்பது வயது மூத்தது. அது தெருவில் போனால் முன்பின் தெரியாதவர்கள்கூட நின்று சிரிப்பார்கள், போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள்.

பெரியவள் அந்தக் காரோடு வளர்ந்தவள். எந்த மூலையில் எந்தச் சத்தம் வந்தால் என்ன கோளாறு என்று மாமாவுக்கு முன்னால் அவள் சொல்லுவாள். ஒன்பது வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறாள், ஒரு கீறல் கிடையாது. சின்னவளோ பத்து வயதுவரை அந்தக் காரின் பின்சீட்டில் ஏறினால் வாந்தி எடுத்தவள். நியாயமாகப் பார்த்தால் சாவி யார் மடியில் விழுந்திருக்க வேண்டும்? ஆனால் நியாயத்தை யார் பார்க்கிறார்கள்?

"நீ பொறுப்பானவம்மா," என்றார் மாமா, பெரியவள் முகத்தைப் பார்த்தோ பார்க்காமலோ. கண்ணுக்கு என்ன தெரிந்ததோ. "நாளைக்கே நெனச்சா புதுசா ஒண்ணு வாங்கிப்ப. இவ விளையாட்டுப் புள்ள. இவளுக்கு யாரு வாங்கித் தரப்போறா?"

பொறுப்பானவள் என்ற பட்டத்தை அவளுக்கு ஏழு வயதில் கட்டினார்கள், சின்னவள் பிறந்த அன்று. அதற்குப் பிறகு அந்தப் பட்டத்தைச் சொல்லியே அவளிடமிருந்து ஜன்னலோர இருக்கை, பெரிய அறை, கடைசித் துண்டு இனிப்பு எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்கள். அவளும் கொடுத்துக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை கொடுக்கவில்லை, எடுத்தார்கள். வயிறு பற்றி எரிந்தது.

"ஆனா ஒண்ணு," என்று மாமா விரலை நீட்டினார். "என் பாலிசி இந்த மாசக் கடைசியோட முடியுது. இன்சூரன்ஸ் இல்லாம வண்டி ஒரு நாள்கூட வெளிய நிக்கக்கூடாது. அதுக்குள்ள இவ பேர்ல ஒண்ணு கெடைக்கணும். கெடைக்கலைன்னா பெரியவளே எடுத்துக்கட்டும். அவளுக்கு எவனும் இல்லன்னு சொல்ல மாட்டான்."

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பெரியவள் அன்றைக்கு எத்தனை முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள் என்று கணக்கில்லை.

"அக்கா, நீதான் பார்த்துத் தரணும்," என்று சின்னவள் அவள் தோளில் தொங்கினாள். "உன் வேலையே அதுதானே. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது."

வேலை அதுதான். ஒரு காப்பீட்டுத் தரகு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து மேசை பெரியவளுடையது. வாகனப் பிரிவு. காதில் ஹெட்போன், எதிரே இரண்டு திரை. யாருக்கு எந்தக் கம்பெனியில் மலிவாகக் கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள். மேனேஜரே சிக்கலான கேஸ் என்றால் அவள் மேசைக்குத்தான் அனுப்புவார்.

அவள் தங்கைக்காக ஒன்பது கம்பெனிகளில் விலை கேட்டாள். மிக நேர்மையாகக் கேட்டாள். ஓட்டுநர் வயது இருபது. லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை. வேலை, கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். கார் வயது நாற்பத்தாறு. ஒரு கம்பெனிக்காரன் போனில், "மேடம், ஓட்டுறவங்க வயசையும் வண்டி வயசையும் மாத்திச் சொல்றீங்களா?" என்று கேட்டே விட்டான். நான்கு பேர் முடியாது என்றார்கள். மீதி ஐந்து பேர் சொன்ன தொகைக்குச் சின்னவளின் ஒரு வருடச் சம்பளத்தில் பாதி போய்விடும். ஒவ்வொரு பதிலும் வர வர, பெரியவளுக்கு ஜில்லென்று இருந்தது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அதை யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டச்சு செய்தாள்.

அவள் கேட்காமல் விட்டது ஒரே ஒரு இடம். அவள் மேசையிலேயே, இரண்டாவது இழுப்பறையில் விண்ணப்பப் படிவங்களோடு இருந்த இளம் ஓட்டுநர் பழங்கார் திட்டம். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கென்றே போட்டது. வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது, ராத்திரியில் பூட்டிய ஷெட்டில் நிறுத்த வேண்டும், கம்பெனி ஆளோடு அரை நாள் ஓட்டிக் காட்ட வேண்டும், காரின் மதிப்பை முன்னாலேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். போன வருடம் மூன்று பேருக்கு அவளே போட்டுக் கொடுத்திருக்கிறாள். மூன்று பேரும் அவளைக் கும்பிடாத குறை.

வீட்டில் பட்டியலைப் பார்த்ததும் சின்னவள் முகம் தொங்கிப் போயிற்று. ஆனால் அசட்டுப் பெண் இல்லை. "தூரத்தைக் கொறைச்சா கம்மி பண்ணுவாங்களா அக்கா? மாமா ஷெட்டுலயே பூட்டி வெச்சா? யாராவது வந்து என் டிரைவிங்கைப் பார்க்கட்டுமே?" என்று அந்தத் திட்டத்தின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக அவளே கண்டுபிடித்துக் கேட்டாள். பெரியவளுக்கு வியர்த்தது. "கேட்டுப் பார்க்கறேன்" என்று மென்று விழுங்கினாள்.

மாதம் முடிய ஆறு நாள் இருந்தபோது சின்னவள் வேலையிலிருந்து ஓடி வந்தாள். நாயைக் காட்ட வந்த ஒருவர் பழைய கார் வைத்திருக்கிறாராம், சின்ன வயதுக்காரர்களுக்கென்று ஏதோ திட்டம் இருக்கிறது என்றாராம். "உனக்குத் தெரியாம இருக்குமா, கேளு அக்கா!"

பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அதா? அது பேருக்குத்தான். ஆயிரத்தெட்டு கண்டிஷன். க்ளெய்ம்னு போய் நின்னா கையை விரிச்சுடுவான்."

அப்பட்டமான பொய். இத்தனை சுலபமாகப் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் நாயைக் காட்ட வருகிறவர் மறுபடியும் வருவார், திட்டத்தின் பெயரைச் சொல்லுவார், சின்னவள் நேராக ஆபீசுக்கே வந்து நிற்பாள். அதற்குள் கதையை முடிக்க வேண்டும். மடித்த துணியை அடுக்கும் நேரத்துக்குள் அவளுக்கு வழி தெரிந்துவிட்டது.

"இதுக்கு ஏன் இவ்வளவு அலையணும்? என் பேர்ல போட்டுடலாம். வண்டிப் பதிவையும் என் பேருக்கு மாத்தி, நான் முதன்மை ஓட்டுநர், நீ எப்பவாவது ஓட்டுற ரெண்டாவது ஆளுன்னு போட்டா பிரீமியம் நாலுல ஒரு பங்குதான் வரும். எல்லாம் காகிதத்துக்குத்தான். ஓட்டப்போறது நீ."

ஆபீசில் இதற்குப் பினாமி ஓட்டுநர் என்று பெயர். வாரத்துக்கு நான்கு அப்பாக்களாவது இந்த யோசனையோடு அவள் மேசைக்கு வருவார்கள். ஓட்டுவது மகன், காகிதத்தில் அப்பா. "இது மோசடி சார். விபத்துன்னு ஒண்ணு வந்தா பாலிசியே செல்லாது. உங்க பையன் இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினதாத்தான் ஆகும், லைசென்சும் போயிடும்" என்று ஒரு பாடம் எடுத்துத்தான் திருப்பி அனுப்புவாள். அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு, "குடும்பத்துக்குள்ளதானேம்மா" என்பார்கள்.

"அது தப்பில்லையா அக்கா?" என்றாள் சின்னவள்.

"குடும்பத்துக்குள்ளதானே," என்றாள் பெரியவள்.

சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "எனக்காக இவ்வளவு ரிஸ்க் எடுக்கறியே, நீ தெய்வம்" என்றாள். ஒரு கணம் பெரியவளுக்கு நெஞ்சில் முள் தைத்தது. தைத்ததை அங்கேயே விட்டுவிட்டு விண்ணப்பத்தை நிரப்பப் போனாள்.

எழுத்து பிடிபடாத மாமா, பதிவு மாற்றும் படிவத்தில் சின்னவள் காட்டிய இடத்தில் என்ன ஏதென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பாலிசி வந்தது. முதன்மை ஓட்டுநர் என்ற கட்டத்துக்கு நேரே அவள் பெயர், தடித்த எழுத்தில். வாகன உரிமையாளர் என்ற இடத்திலும் அவள் பெயர். சின்னவளிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு இன்னொன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மதிய இடைவேளையில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அதை எடுத்துப் படிப்பாள். காதல் கடிதம் வந்தவர்கள்கூட இத்தனை தடவை படித்திருக்க மாட்டார்கள்.

காகிதம் இவளுக்கு, கார் அவளுக்கு. தினமும் காலையில் சின்னவள் அதில் ஏறி வேலைக்குப் போனாள். உயரம் போதாதென்று சீட்டில் ஒரு தலையணை போட்டுக்கொண்டாள். இரண்டாவது கியருக்கு மாற்றும்போது ஒரு நொடி பொறுக்க வேண்டும், பொறுக்கமாட்டாள். கறகறவென்று சத்தம் கேட்கும். மாடி ஜன்னலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருக்கும் பெரியவளுக்கு அந்தச் சத்தம் எலும்புக்குள் இறங்கும். தெருமுனையில் எதிர்வீட்டுக்காரர் கையாட்டுவார். பால் வண்டிக்காரர் ஒதுங்கி வழி விட்டுச் சலாம் வைப்பார். சின்னவளும் ஹாரனை அடித்துச் சிரித்துக்கொண்டே போவாள். அவளுக்கென்று உலகமே ஓரமாக நின்று வழி விடுகிறதே, அது எப்படி?

"வா அக்கா, நீ ஒரு ரவுண்டு ஓட்டு," என்று சின்னவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டாள். பெரியவளுக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் தன் பொருளை அடுத்தவள் கையால் வாங்கி ஓட்டுவதா? "எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடியும் துடைத்தாள்.

ஏழாவது வாரம் மழை பிடித்தது. மதியம் மூன்று மணிக்கு ஆபீசில் போன் அடித்தது. சின்னவள் அழுதுகொண்டே பேசினாள். சிக்னலில் பிரேக் பிடிக்கவில்லை, ஈரத்தில் வழுக்கி நடைபாதை ஏறி, ஒரு மெத்தைக் கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"காருக்கு என்ன ஆச்சு?" என்றாள் பெரியவள்.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. பிறகு, "முன்னாடி பம்பரும் ஒரு லைட்டும் போச்சு" என்று மெதுவாகக் குரல் வந்தது. "எனக்கு ஒண்ணும் ஆகலை அக்கா." பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். கேள்வியை மாற்றிக் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தது. சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்க முடியுமா?

யாருக்கும் காயமில்லை. கார் போய் மோதியது அடுக்கி வைத்திருந்த இரட்டைக் கட்டில் மெத்தைகள் மேல். ஆனால் கடை முகப்புக் கண்ணாடி முழுக்கத் தூள். கடைக்காரர் க்ளெய்ம் போட்டார். க்ளெய்ம் என்றதும் கம்பெனியிலிருந்து சேதத்தைப் பார்த்து விசாரிக்கச் சர்வேயர் வருவார். உண்மை வெளியே வந்தால் பாலிசி செல்லாது, சின்னவள் லைசென்ஸ் போகும், கடைக்காரருக்குக் கொடுக்க வீட்டை விற்க வேண்டியிருக்கும். பெரியவளுக்கு வேலை போகும். இந்தத் தொழிலில் இனிமேல் எந்தக் கதவும் திறக்காது.

சர்வேயர் சனிக்கிழமை காலை வீட்டுக்கே வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, தணிந்த குரல், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. காரைப் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பினார். எதிரே அக்காவும் தங்கையும். அம்மா சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"கடைக்காரர் இந்தச் சின்னப் பொண்ணு ஓட்டிட்டுப் போறதை அடிக்கடி பார்த்திருக்கேன்கறார்," என்றார் சர்வேயர். "பாலிசில நீங்க முதன்மை ஓட்டுநர்னு இருக்கு. எனக்கு வேலையே இந்த மாதிரி கேஸ்தான் மேடம். சின்னவங்க ஓட்டுவாங்க, பெரியவங்க பேர்ல இருக்கும். வந்தவுடனே அதுதான் தோணுச்சு."

பெரியவள் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"அப்புறம் யோசிச்சேன்," என்று அவரே தொடர்ந்தார். "நீங்க வாகனப் பிரிவுலயே இருக்கீங்க. இளம் ஓட்டுநர் பழங்கார் திட்டம் உங்க மேசை வழியாத்தான் போகுது. போன வருஷம் மூணு பேருக்கு நீங்களே போட்டிருக்கீங்க. தங்கச்சிக்குத்தான் கார்னா அதுல போட்டிருப்பீங்க. இதைவிடக் கொஞ்சம்தான் கூட, முழுசா அவங்க பேர்லயே, எல்லாம் முறையா. அது கையில இருக்கும்போது எந்த அக்காவாவது தங்கச்சியை இப்படி மாட்டி விடுவாளா? அதனால, கார் நெஜமாவே உங்களோடதாத்தான் இருக்கணும். சரியா?"

நல்ல மனுஷி. பொறாமை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவர் கணக்கில் வரவில்லை.

சின்னவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். ஒரு தடவைதான் பார்த்தாள். துணி மடித்த கை, 'அது பேருக்குத்தான்' என்ற பதில், போனில் கேட்ட முதல் கேள்வி எல்லாம் அவள் கண்ணில் வரிசையாக வந்து நிற்பதைப் பெரியவள் கண்ணெதிரே பார்த்தாள். இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. கத்தப்போகிறாள் என்று நினைத்தாள். கத்தினால்கூடத் தேவலை.

"ஆமா மேடம், அக்கா காருதான்," என்றாள் சின்னவள். குரல் நடுங்கவில்லை. "மழைத் துளி விழுந்தாப் போதும், சாப்பிடற கையோட ஓடிப்போய் அதைப் போர்த்திட்டு வருவா. ஒரு தடவை ஷெட்டுல எலி வந்துதுன்னு ரெண்டு நாள் அங்கேயே பாய் போட்டுப் படுத்தா. பரீட்சை நாளும் அதுவுமா. மாமாவுக்கு நெனைவிருக்காது, எனக்கு இருக்கு. எனக்கு ஓட்டிப் பழகக் குடுத்தா, பாவம். நான்தான் இடிச்சுட்டேன்."

இத்தனை வருடமாக யாராவது ஒருவர் வாய்திறந்து சொல்லமாட்டார்களா என்று பெரியவள் ஏங்கிய வார்த்தைகள். சொன்னவள் இவள். சர்வேயர் பேனாவை எடுத்துக்கொண்டு பெரியவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மேடம். அப்படித்தானா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம் முழுசாக இருந்தது.

"ஆமா," என்றாள். "என் காருதான்."

சொன்னபோது மனசு நிறைந்தது. வெட்கக்கேடு என்னவென்றால் அதுதான். பயம் விலகியதால் வந்த நிம்மதி இல்லை அது, அசல் சந்தோஷம். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்வேயர் போனதும் சின்னவள் ஷெட்டுக்குப் போய்த் தலையணையை எடுத்து வந்தாள். பெரியவள் பின்னாலேயே போனாள். "அந்தத் திட்டத்துலயே உன் பேர்ல மாத்திடலாம். திங்கக்கிழமையே போடறேன்" என்றாள். நிஜமாகவே சொன்னாள்.

"வேண்டாம்க்கா. அந்தம்மாகிட்ட நான் பொய் சொன்னதா இருக்க வேண்டாம். உன் காராவே இருக்கட்டும்."

மாமாவிடமும் சின்னவளே போய்ச் சொன்னாள், அக்காவுக்கு ஆபீஸ் போக வேணும், நானே கொடுத்துட்டேன் என்று. மாமா கலங்கிப் போனார். "எவ்வளவு பெரிய மனசு என் கண்ணுக்கு" என்று அவள் தலையை வருடிக்கொண்டே இருந்தார். பெரியவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

க்ளெய்ம் பாஸ் ஆயிற்று. புது லைட், நிமிர்த்திய பம்பரோடு கார் வந்தது. பெரியவள் தினமும் ஆபீசுக்கு அதில் போனாள். ஒரு நொடி பொறுத்து இரண்டாவது கியரைப் போட்டால் சத்தமே இல்லாமல் விழும். ஓட்ட அருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு காலையில் பஸ் நிறுத்தத்தில் சின்னவள் நிற்பதைப் பார்த்து ஓரம் கட்டினாள். எட்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறு, விட்டுட்டுப் போறேன்" என்றாள்.

"பஸ் வந்துடுச்சுக்கா. நீ போ." குரலில் கோபம்கூட இல்லை. வரிசையில் இருந்த வயதானவரின் பையை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

பஸ் கிளம்பியது. பச்சைக் கார் அதன் பின்னாலேயே போனது. பின் கண்ணாடி வழியாகச் சின்னவள் தெரிந்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் யாரோ ஒரு பெண் ஏதோ சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தப் பெண் யார், என்ன சொன்னாள், தன்னிடம் சிரிக்காதவள் அவளிடம் எப்படிச் சிரிக்கிறாள் என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். முந்திப் போக இடம் இருந்தும் முந்தாமல், வயிறு எரிய, அவள் அந்த பஸ்ஸின் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனாள்.